அப்பாவைத் தோப்பிலேயே அடக்கம் செய்யலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 81 வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டோடு இருக்கிறார். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. பேச்சும் நினைவும் தெளிவு. போன மாதம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "என்னைய மாந்தோப்புலயே பொதைச்சிடுங்க. பொட்டி வேணாம், சிமிட்டி வேணாம். மேல ஒரு கன்னு வெச்சிடுங்க, போதும்" என்று சொல்லியிருக்கிறார். தோப்பு மூன்று ஏக்கர், ஏறக்குறைய சதுரம், பட்டா அப்பா பெயரில். நடுவில் கிணறு. குழாய்த் தண்ணீர் வராத நாளில் குடிப்பதற்கும் அதுதான். கிழக்கு ஓரத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் வீடு. முப்பது வருடத்துக்கு முன்னால் பாட்டியை அதே தோப்பில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

ஓசூரில் இருக்கும் அண்ணன் இதற்குச் சம்மதிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடும், நாளைக்கு நிலம் விலை போகாது, எரித்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்கிறார். சகோதரியின் மகளோ பெங்களூரில் படிக்கிற பெண். வெளிநாட்டில் காட்டுக்குள் மரத்தடியில் அடக்கம் செய்கிற வீடியோக்களைக் காட்டி, மக்கிப்போகிற பெட்டியை நாமும் வாங்கலாம் என்கிறாள். சகோதரி கேட்பது இவ்வளவு: சொந்தப் பட்டா நிலத்தில் புதைக்க யாரைக் கேட்க வேண்டும்? உயிலில் எழுதி வைத்தால் அண்ணனால் மீற முடியாதல்லவா? சமாதி வந்துவிட்டால் அந்த நிலத்தை யாரும் விற்க முடியாது என்கிறார்களே, உண்மையா? அண்ணன் சொல்வதுபோல் கிணறு கெடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா உயிரோடு, தெளிவாக இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதினீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. இந்த மாதிரி விவகாரம் என்னிடம் வருவது பெரும்பாலும் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் போலீஸ் நிற்கும்போதுதான். அந்த நேரத்தில் யாருக்கும் நல்ல யோசனை வராது.

அப்பா கேட்டிருப்பதில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. பெட்டி, சிமெண்ட், ரசாயனம் எதுவும் இல்லாமல் மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும் என்பது ஒன்று. அது தன் தோப்பில் நடக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் ஆசைக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் இரண்டாவதில்தான்.

பட்டா இருந்தாலும் உரிமம் வேண்டும்

நம் ஆள், நம் நிலம், இதில் யார் கேட்பது என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஆனால் கிராம ஊராட்சிப் பகுதிகளுக்கு இடுகாடு, சுடுகாடு பற்றி 1999-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பொது இடமோ தனியார் நிலமோ, புதிதாக ஓர் இடத்தில் அடக்கம் செய்ய ஊராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாத இடத்தில், குடியிருப்பிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்றும் அதில் இருக்கிறது.

இந்த 90 மீட்டரைப் பிடித்துக்கொண்டுதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 90 மீட்டர் தள்ளிப் புதைத்துவிட்டால் உரிமம் தேவையில்லை என்று ஊரில் சொல்வார்கள். நீதிமன்றங்களிலும் ஒரு காலத்தில் அப்படி வாதம் ஓடியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இடுகாடு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில், அல்லது உரிமம் பெற்ற இடத்தில் மட்டும்தான் அடக்கம். வேறு இடத்தில் புதைத்தால் தோண்டி எடுத்து உரிய இடத்தில் அடக்கம் செய்ய வைக்கும் பொறுப்பு அதிகாரிகளுக்கு உண்டு. நீங்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். அபராதம் கட்டிவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நானே வேறு மாதிரி சொல்லியிருப்பேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு மனு கொடுத்தால், அப்பாவைப் பதினைந்தாம் நாளிலோ ஆறாம் மாதத்திலோ தோண்டி எடுக்கிற நிலை வரலாம். அதைப் பார்த்து நிற்க உங்களால் முடியாது.

உங்கள் தோப்பின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மூன்று ஏக்கர் சதுரம் என்றால் ஒரு பக்கம் சுமார் 110 மீட்டர். நடுவில் கிணறு இருக்கிறது. அங்கிருந்து மிகத் தூரமான மூலைக்கு 78 மீட்டர்தான் வரும். அதாவது உங்கள் தோப்பில் எந்த மூலைக்குப் போனாலும் கிணற்றிலிருந்து 90 மீட்டர் கிடைக்காது. இதில் பக்கத்து வீடு வேறு. உரிமம் கேட்டு மனு கொடுத்தாலும் முதல் ஆட்சேபணை இங்கேதான் வரும்.

பாட்டி அங்கே இருக்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சமாதி இருப்பதால் அந்த இடம் குடும்ப இடுகாடு ஆகிவிடாது. ஊராட்சிப் பதிவேட்டில் அந்த இடம் ஏறியிருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு), ஊராட்சி அலுவலகத்தில் இடுகாட்டுப் பதிவேட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கே உங்கள் சர்வே எண் வெறும் புன்செய் என்றுதான் இருக்கும்.

தலைவர்களைத் தனியார் நிலத்தில் அடக்கம் செய்கிறார்களே என்று உங்கள் அண்ணி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலையில், கொலை செய்யப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைப் பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டபோது, உயர் நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை சிறப்பு அமர்வு நடத்தி, அங்கே முடியாது என்றது. கடைசியில் பொத்தூரில் உறவினர் நிலத்தில் அனுமதியோடு நடந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் பின்னால் நின்றும் அனுமதி இல்லாமல் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2025 ஜனவரியில் சத்தீஸ்கரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இன்னும் வேதனை. தன் அப்பாவை ஊரில் புதைக்க ஒரு மகன் போராடினார். உடல் 20 நாள் சவக்கிடங்கில் கிடந்தது. இரண்டு நீதிபதிகளில் ஒருவர் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார். மற்றவர் ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் என்றார். முடிவில், 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு கருத்து இருக்கிற விஷயத்தில், உங்கள் வீட்டுத் துக்கத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டும் தோப்புதான் என்று அப்பா உறுதியாக இருந்தால், முயற்சி செய்யவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனு இப்போதே போக வேண்டும். ஊராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள். தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலரிடம் கொடுக்கலாம். ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான் என்பதால் அவருக்கும் ஒரு நகல். பட்டா, சிட்டா, புலப்படம், கிணறும் வீடுகளும் எவ்வளவு தூரம் என்று குறித்த ஒரு வரைபடம், பக்கத்து நிலக்காரர்களின் சம்மதக் கடிதம், உங்கள் அண்ணன் கையெழுத்து, எல்லாம் சேர வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். உரிமம் கைக்கு வரும்வரை அங்கே குழி வெட்டக் கூடாது.

கிணறு விஷயத்தில் அண்ணன் சொல்வதில் பாதி சரி

ஒரு உடல் புதைத்தால் கிணறே விஷமாகிவிடும் என்பது மிகை. நல்ல மண்ணில், போதிய தூரத்தில், மண்ணே பெரும்பகுதியை வடிகட்டிவிடும். ஆனால் நம் பகுதி நிலம் வேறு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடினப் பாறைப் பூமி. மேலே கொஞ்சம் மண், கீழே சரளை, அப்புறம் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகத்தான் ஓடுகிறது. மண் வடிகட்டுவதுபோல வெடிப்பு வடிகட்டாது. கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் குழி விழுந்தால், மழைக்காலத்தில் எது எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 1998-இல் வெளியிட்ட அறிக்கை, குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டர் தள்ள வேண்டும், குழியின் அடிமட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்கிறது. நம் விதியின் 90 மீட்டரே அதற்கு முன்னால் குறைவுதான்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததிலிருந்து, கிணற்றைக் குடிநீர் ஆதாரமாக யாரும் எண்ணுவதில்லை. நிலத்தடி நீரில் இருக்கிற ஃப்ளோரைடுக்குப் பயந்து வந்த திட்டம் அது, நல்லதுதான். ஆனால் குழாய் வராத நாளில் உங்கள் வீட்டுக் குடம் கிணற்றுக்குத்தான் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது குடிநீர்க் கிணறுதான். இந்த விஷயத்தில் அண்ணனோடு சண்டை போடாதீர்கள்.

எரித்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முழு விறகில் எரிக்க 400 முதல் 500 கிலோ வரை மரம் போகும். நம் கிராமங்களில் வறட்டியும் வைக்கோலும் வைத்து மண் பூசி மூட்டம் போடுவதில் மரம் குறையும், புகை குறையாது. எரிவாயு தகன மேடை இவற்றைவிடப் பரவாயில்லை, அதற்கும் எரிவாயு செலவாகும். எரிப்பது வழக்கமாக உள்ள குடும்பங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மண்ணைப் பற்றி உங்கள் அப்பா யோசித்தது நியாயமான யோசனை என்று சொல்லவே எழுதுகிறேன்.

உயிலும் சமாதியும்

உயில் சொத்துக்கு. இறந்தவர் உடல் யாருடைய சொத்தும் ஆகாது. அதனால் 'என்னை இங்கே புதைக்க வேண்டும்' என்று உயிலில் எழுதினால், நிலம் யாருக்கு என்று எழுதியதுபோல அது கட்டுப்படுத்தாது. நீதிமன்றம் அதை மதிப்போடு பார்க்கும், அவ்வளவுதான். நடைமுறையில் இன்னொரு சங்கடம்: உயிலை எடுத்துப் படிப்பதே காரியம் முடிந்த பிறகுதான்! அதனால் தனியாக ஒரு தாளில் அப்பா தன் விருப்பத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இரண்டு சாட்சி போதும். பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு நகல். அவர் பேசுவதைப் போனில் வீடியோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்து. சட்டம் செய்யாத வேலையை அந்த வீடியோ செய்யும்.

சமாதி இருந்தால் நிலத்தை விற்க முடியாது என்பது தவறு. தாராளமாக விற்கலாம், வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பார். புதைத்த இடத்தை வேண்டுமென்றே அவமதிக்கிற எண்ணத்தில் அத்துமீறினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவில் குற்றம் ஆகும், ஆனால் விற்பனையை அது தடுக்காது. நிலத்தைச் சமாதி பூஜைக்கென்று நிரந்தரமாக எழுதி வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கணவர் சமாதியில் பூஜை நடக்க ஒரு விதவை எழுதிவைத்த ஏற்பாட்டை, இந்துச் சட்டப்படி செல்லாது என்று சரஸ்வதி அம்மாள் வழக்கில் 1953-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் நம் சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்குதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். அண்ணன் தோப்பை விற்றுவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, அப்பா அங்கே படுத்திருந்தால் விற்க மாட்டார் என்று நம்புகிறீர்கள். அந்தப் பயத்துக்கு மருந்து பத்திரத்தில் இருக்கிறது. பட்டா அப்பா பெயரில். அவர் எழுதாமல் போனால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்கள் பங்கை இப்போதே செட்டில்மெண்டாகவோ, பிறகு பாகப்பிரிவினையாகவோ எல்லை போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டி சமாதி இருக்கும் சென்ட் நிலமும் அதற்குப் போகிற பாதையும் அந்தப் பத்திரத்திலேயே தெளிவாக வரட்டும். அப்பாவின் உடலை வேலியாக வைக்க வேண்டாம்.

ஊர் இடுகாட்டில் இதே முறையில்

என் யோசனை இதுதான். அப்பாவின் முதல் ஆசையை ஊர் இடுகாட்டிலேயே முழுசாக நிறைவேற்றலாம். பெட்டி வைக்க வேண்டும், காங்கிரீட் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1993-இல் கார்லைல் நகரக் கல்லறையில் மரத்தடி அடக்கம் ஆரம்பித்தபோது அது அங்கே புதுமை. அங்கே உடலுக்கு ரசாயனம் ஏற்றி, பாலிஷ் போட்ட பெட்டியில் வைப்பது பழகிப்போயிருந்தது. நம் ஊரில் பச்சை மூங்கில் பாடை, கோடித் துணி, ஒரு குழி, அவ்வளவுதானே காலங்காலமாக? மகளிடம் சொல்லுங்கள், எந்தப் பெட்டியும் ஆர்டர் போட வேண்டாம் என்று. நம் வழக்கத்தில் அண்மையில் சேர்ந்துகொண்ட பாலியெஸ்டர், பிளாஸ்டிக், சிமெண்ட் மூன்றையும் கழித்தாலே போதும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பருத்தி வேட்டியும் பருத்தித் துண்டும் முன்பே எடுத்து வையுங்கள். சொந்தபந்தம் போர்த்துகிற பட்டு மாதிரிப் பளபளப்புத் துணியும் ஜிகினா மாலையும் குழிக்குள் போகக் கூடாது. உறவினர் வர நேரமானால் ஃப்ரீசர் பெட்டி வைக்கலாம், எம்பாமிங் வேண்டாம். அதில் ஏற்றுகிற ஃபார்மலின், உடலை மக்க வைக்கிற நுண்ணுயிர்களைத்தான் முதலில் கொல்லும்.

ஆறடி ஆழம் கட்டாயம் என்பார்கள். நம் சரளை நிலத்தில் நாலடிக்குக் கீழே கடப்பாரை இறங்குவதே பாடு. காற்றும் உயிரும் உள்ள மேல்மண்ணில்தான் உடல் சீக்கிரம் மக்கும் என்பதால், நாலடியே போதும். ஆனால் உடலுக்கு மேல் இரண்டரை, மூன்றடி மண் நிச்சயம் வேண்டும், இல்லையென்றால் நாய் பறிக்கும். மண்ணை மேடாகக் குவித்து மேலே முள் வெட்டிப் போடுவது நம் பெரியவர்கள் கண்ட வழி, அதை விடாதீர்கள். மழையில் மண் இறங்கும், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு வண்டி மண் கொட்டுங்கள். குழி வெட்டுகிறவரிடம் இதையெல்லாம் முன்பே பேசி, கூலியை அவர் கையிலேயே கௌரவமாகக் கொடுங்கள்.

உப்பு ஒரு கைப்பிடி சடங்குக்குப் போதும். மூட்டைக் கணக்கில் கொட்டினால் மக்குவது தாமதமாகும், மேலே வைக்கிற கன்றும் கருகும். சுண்ணாம்பு போட்டால் சீக்கிரம் கரையும் என்பதும் சரியில்லை, ஆய்வில் பார்த்தால் அது சிதைவை மந்தப்படுத்துகிறது. கன்றை உடனே, குழியின் நேர் மேலே வைக்காதீர்கள். மண் இறங்கி முடிந்ததும் தலைமாட்டுப் பக்கம் வையுங்கள். புங்கன், வேம்பு, நாவல் எதுவானாலும் சரி. ஊராட்சி இடம் என்பதால் சொல்லிவிட்டு வைக்க வேண்டும், மரம் ஊருக்குத்தான் சொந்தமாகும். அதே இடத்தில் பல வருடம் கழித்து வேறு ஒருவருக்குக் குழி வெட்டவும் கூடும். இதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் எத்தனை மயானம், யாருக்கு எது என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் சாதிக்கொரு மயானம், வழிக்கொரு தகராறு என்று இருப்பது எனக்குத் தெரியும். பொது இடுகாட்டில் சாதி சொல்லித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைத் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது தனிக் குற்றம். அப்படி ஏதாவது சிக்கல் இருப்பதால்தான் தோப்பைக் கேட்கிறீர்கள் என்றால், எனக்கு உடனே எழுதுங்கள். அதற்குப் பதில் வேறு.

அண்ணன் தகனத்தில்தான் நிற்கிறார், அப்பாவும் அதற்கு இறங்கி வருகிறார் என்றால், சாம்பலில் ஒரு பகுதியைத் தோப்புக்குக் கொண்டுவரலாம். அதற்கு உரிமம் தேவையில்லை. அப்படியே வேரில் கொட்டாமல், நிறைய மண்ணும் தொழு உரமும் கலந்து பரப்புங்கள். சாம்பலில் காரமும் உப்பும் அதிகம்.

பேஸ்மேக்கரும் சான்றிதழும்

பேஸ்மேக்கரோடு எரிக்கவே கூடாது, வெப்பத்தில் பேட்டரி வெடிக்கும். புதைத்தாலும் அந்த உலோகமும் பேட்டரியும் மண்ணில் கிடக்கும், அப்பா விரும்புவது அது இல்லை. இறந்த பிறகு எடுத்துத் தருவார்களா, யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதைப் பொருத்திய மருத்துவமனையிலேயே இப்போது கேட்டு வையுங்கள். வீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.

வீட்டில் இறந்தால், பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்குங்கள். 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். எந்த இடுகாட்டில் அடக்கம் என்பதும் அங்கே சொல்ல வேண்டி வரும். பிற்பாடு வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் எல்லாம் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் நடக்கும்.

இந்த வாரம் அண்ணன் ஊருக்கு வரும்போது மூன்று பேரும் அப்பாவிடம் உட்காருங்கள். 90 மீட்டர் கணக்கைச் சொல்லிவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: "தோப்பு முக்கியமா, மண்ணோடு போறது முக்கியமா?" அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தோப்புதான் என்றால் ஊராட்சிக்கான மனுவை நான் எழுதித் தருகிறேன்.